கட்டுச்சோத்துக்குள்ள எலி!

ப்ராஜெக்ட், வைவா, பிளேஸ்மென்ட்னு மூணு பக்கமும் மத்தளம் மாதிரி அடி வாங்கிக்கிட்டு இருக்கிற ஃபைனல் இயர் ஜீவன்களுக்கு முதல் வணக்கம். மத்தவங்களுக்கு ரெண்டாவது வணக்கம். கோவிச்சுக்காதீங்க, உங்க டர்னும் வரும்!

இந்த வார மேட்டரை எடுத்துக் கொடுத்தது திண்டுக்கல் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு தங்கச்சி. அவங்க கேட்டது இதுதான்.

“அண்ணா, எங்க கிளாஸ் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. ஒரு பெரிய கம்பெனி பேரைப் போட்டு, ‘போன வருஷ பேப்பர், ஆப்டிட்யூட் கொஸ்டின்ஸ் எல்லாம் ஒரே ஃபைலில்’னு சொல்லியிருந்தாங்க. டவுன்லோடு பண்ணிப் பார்த்தா இ.எக்ஸ்.இ. ஃபைல். பாஸ்வேர்டும் கூடவே கொடுத்திருக்காங்க. என் ரூம்மேட், ‘இது வைரஸ் எல்லாம் இல்லடி, தானா விரியற ஜிப். டபுள் கிளிக் பண்ணினா போதும்’ங்கறா. நாளன்னைக்கு டெஸ்ட். பண்ணலாமா? இன்னொரு சந்தேகம். என் ப்ராஜெக்ட்டையும் இதே மாதிரி இ.எக்ஸ்.இ.யா ஆக்கி கைடு சாருக்கு மெயில் பண்ணேன். போகவே மாட்டேங்குது. ஏன்?”

வாங்கறதில் ஒரு கேள்வி, அனுப்பறதில் ஒரு கேள்வி. உடனே ஒரு வரி பதில் அனுப்பிட்டேன்: ‘டபுள் கிளிக் பண்ணாதம்மா, நான் சொல்ற மாதிரி திற.’ எப்படித் திறக்கறது, ஏன் அப்படித் திறக்கணும்? அதுதான் இந்த வாரம்.

ரூம்மேட் சொன்னதில் பாதி நிஜம். அது தானா விரியற ஜிப்தான். ஆனா ‘தானா’ங்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் மொத்த வில்லங்கமும் இருக்கு.

முன்னாடி எம்.இஸட்., பின்னாடி பி.கே.

சாதாரண ஜிப் ஃபைல் ஒரு கட்டுச்சோத்து மூட்டை. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அவிழ்க்கணும்னா நம்ம கை வேணும். அந்தக் கைதான் வின்ஜிப், வின்ரார், 7-ஜிப் மாதிரியான சாஃப்ட்வேர். செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைல் என்பது, மூட்டையோடு சேர்த்து ஒரு கையையும் வைத்துக் கட்டி அனுப்பறது. டபுள் கிளிக் பண்ணினா அந்தக் கை எழுந்து வந்து தன் மூட்டையைத் தானே அவிழ்க்கும். உங்க கம்ப்யூட்டரில் வேறெந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை.

உள்ளே பெரிய மாயமந்திரம் எல்லாம் கிடையாது. முன்னாடி ஒரு குட்டி புரோகிராம், அதன் வாலில் ஒட்டின சுருக்கப்பட்ட ஃபைல். அவ்வளவுதான். நிஜமாவே ‘ஒட்டின’துதான் பாஸ்! 7-ஜிப் போட்டிருந்தா அந்த ஃபோல்டரில் எஸ்.எஃப்.எக்ஸ். என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் காப்பி கட்டளைக்கு பைனரி சுவிட்ச் போட்டு, அந்த ஃபைலையும் நீங்க செய்த 7-இஸட் ஃபைலையும் கூட்டல் குறியால் சேர்த்து, இ.எக்ஸ்.இ.ன்னு பேர் வைச்சா முடிஞ்சது. தானா விரியும் ஃபைல் ரெடி. லேபில் சும்மா இருக்கிறப்ப செஞ்சு பாருங்க, கெத்தா இருக்கும்.

அப்படி ஒட்டினா ஃபைல் கெட்டுப் போகாதா? ஜிப்பை எடுத்துக்குங்க. உள்ளே என்னென்ன இருக்கு, எங்கெங்க இருக்கு என்கிற அட்டவணை ஜிப்பில் கடைசியில்தான் இருக்கும். படிக்கிற சாஃப்ட்வேர் வாலைப் பிடித்துத்தான் உள்ளே போகும். அதனால் தலைப்பக்கம் ஒரு புரோகிராமை ஒட்டினாலும் அதுக்குக் கவலையில்லை. விண்டோஸுக்கு நேர் எதிர். தலையைப் பார்த்தே ‘இது புரோகிராம்’னு முடிவு பண்ணி ஓட்டும். தலையைப் பார்த்தால் புரோகிராம், வாலைப் பார்த்தால் ஜிப். ரெட்டை வேஷம்!

இன்னொரு சுவாரஸ்யம். ஒரு இ.எக்ஸ்.இ. ஃபைலை நோட்பேடில் திறந்தா முதல் ரெண்டு எழுத்து எம்.இஸட். அது மைக்ரோசாஃப்டில் டாஸ் காலத்தில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். ஜிப்பில் அங்கங்கே வரும் பி.கே., 1989-ல் பி.கே.ஜிப்பை வெளியிட்ட ஃபில் காட்ஸின் இனிஷியல். ஆக, ஜிப் வகையில் ஒரு செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைலைத் திறந்தா முன்னாடி ஒரு ஆளோட கையெழுத்து, பின்னாடி இன்னொரு ஆளோட கையெழுத்து.

மூட்டையோடு கையை ஏன் கட்டினாங்க?

ஃபில் காட்ஸ் காலத்தில் ஃபைல் சுருக்கறதுக்கு ஆளுக்கொரு ஃபார்மட். ஒருத்தர் சுருக்கியதை இன்னொருத்தர் விரிக்கணும்னா அதே சாஃப்ட்வேர் வேணும். அதை டவுன்லோடு பண்ணலாம்னா டயல்-அப் மோடம் மூச்சு வாங்கும். அந்த சாஃப்ட்வேரே சுருக்கப்பட்ட ஃபைலா வந்தா? பூட்டின பெட்டிக்குள்ள சாவி! அந்த சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் இது. பி.கே.ஜிப்போடவே ஜிப்பை இ.எக்ஸ்.இ.யா மாற்றித் தரும் ஒரு குட்டி புரோகிராமும் வந்தது. மேக்கின்டாஷ் பக்கம் ஸ்டஃப்இட் ஆட்கள் இதையே எஸ்.இ.ஏ. என்று பேர் முடியும் ஃபைல்களாகக் கொடுத்தாங்க.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். 2003-ல் நான் ஃபைனல் இயர். ப்ராஜெக்ட்? வேறென்ன... விஷுவல் பேசிக்கில் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்! தமிழ்நாட்டில் பாதிப் பேர் பண்ணின அதே ப்ராஜெக்ட்தான். எல்லாத்தையும் சுருக்கினா ஒரு ஃபிளாப்பிக்குள்ள, அதாவது 1.44 எம்.பி.க்குள்ள, சமத்தா உட்கார்ந்தது. ஆனா லேபில் வின்ஜிப் கிடையாது. இன்ஸ்டால் பண்ண லேப் அண்ணன் விடமாட்டார். சீனியர் ஒருத்தர் சொன்னார், “லூசு, இ.எக்ஸ்.இ.யா மாத்திட்டுப் போடா. எந்த மெஷினில் போட்டாலும் விரியும்.”

விரிஞ்சது. மாடல் வைவாவில் டபுள் கிளிக், அப்படியே பூ மாதிரி விரிஞ்சது. கைடு சாரே, “பரவாயில்லையே”ன்னு சொன்னார். என் கால் தரையில் இல்லை.

ஃபைனல் வைவாவுக்கு முந்தின ராத்திரி. ஒரு சின்ன திருத்தம், ஒரு பிரிண்ட் அவுட். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர். ஃபிளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன தாழ்ப்பாள் இருக்குமே, அதைத் தள்ளி விட்டிருந்தா வேற யாரும் அதில் எழுத முடியாது. எனக்குத்தான் திருத்தத்தை சேவ் பண்ணணுமே. திறந்தே வைச்சேன், மூட மறந்தேன். அந்த மெஷினில் ஏற்கெனவே ஒரு வைரஸ் குடித்தனம் நடத்திக்கிட்டு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் எக்ஸ்டர்னல் சார் முன்னாடி ஃபிளாப்பியைப் போட்டதும் ஆன்டிவைரஸ் ‘ஆ...’ன்னு அலறியது. அடுத்த நொடி என் இ.எக்ஸ்.இ.யை அழிச்சிடுச்சு. ப்ராஜெக்ட், ரிப்போர்ட், சோர்ஸ் கோட் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள்ள. எக்ஸ்டர்னல் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “வைரஸ்தான் உன் ப்ராஜெக்ட்டாப்பா?”ன்னு கேட்டார். பின்னாடி ஒரு சிரிப்பு. அந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு மக்களே.

என்னைக் காப்பாத்தினது யார்? என் பார்ட்னர். அவன் பையில் இருந்த ஃபிளாப்பியில் அதே ப்ராஜெக்ட், வெறும் ஜிப்பாக. அவனும் அதே பிரவுசிங் சென்டருக்கு, அதே மெஷினுக்குத்தான் வந்திருந்தான். அவன் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலை. ஏன்னா அந்த ஜாதி வைரஸ் தொத்திக்கொள்வது ஓடுகிற புரோகிராமில் மட்டும். ஜிப் ஓடாது, சும்மா கிடக்கும். என் ஃபைலுக்குத்தான் கை கால் இருந்ததே!

அன்னைக்குப் புரிஞ்சது. வசதிக்காகச் சேர்த்த கைதான் வியாதிக்கும் வழி.

அப்போ இதால் பிரயோஜனமே இல்லையா?

அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது. நல்லது நாலு இருக்கு.

ஒண்ணு, எதிர்ல இருக்கிறவர்கிட்ட விரிக்கிற சாஃப்ட்வேர் இல்லை, போடவும் முடியாது என்கிற நிலைமை. 7-இஸட் மாதிரி நல்லா சுருக்கும் ஃபார்மட்டில் அனுப்பணும், ஆனா அவர்கிட்ட இருக்கிறது பழைய விண்டோஸ். உங்க சித்தப்பா கடையில் பில் போடற கம்ப்யூட்டர்னு வச்சுக்குங்க. போனில் ‘சித்தப்பா, டபுள் கிளிக் பண்ணுங்க’ன்னு ஒரே வரியில் முடிச்சிடலாம்.

ரெண்டு, இன்ஸ்டாலேஷன். நீங்க டவுன்லோடு பண்ற டிரைவர், சாஃப்ட்வேர் செட்டப் நிறைய இந்த டெக்னிக்கில்தான் வேலை செய்யுது. முதலில் தற்காலிக ஃபோல்டரில் விரியும், அப்புறம் உள்ளே இருக்கிற செட்டப்பைத் தானே ஓட்டும், முடிஞ்சதும் குப்பையைக் கூட்டி அள்ளிட்டுப் போகும். விண்டோஸுக்குள்ளேயே ‘ஐஎக்ஸ்பிரஸ்’ என்று இதுக்கு ஒரு டூல் பல வருஷமா ஒளிஞ்சிருக்கு. ரன் பாக்ஸில் அந்தப் பேரை ஆங்கிலத்தில் டைப் அடிச்சுப் பாருங்க. லினக்ஸ் ஆட்களும் இதில் சளைச்சவங்க இல்லை. என்விடியா டிரைவர் ‘.ரன்’ என்று முடியும் ஒரே ஃபைலாக வருமே... அது தலையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், வாலில் சுருக்கப்பட்ட மூட்டை. மேக்செல்ஃப் என்கிற டூல் வைத்துக் கட்டினது. ஓட்டாமலே உள்ளே என்ன இருக்குன்னு பட்டியல் பார்க்கவும் அதில் வழி வச்சிருக்காங்க. நல்ல பழக்கம்.

மூணு, ரகசியம். 7-ஜிப்பில் ஏ.இ.எஸ்.-256 முறையில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, அதையே இ.எக்ஸ்.இ.யா ஆக்கிட்டா, எதிர்ல இருக்கிறவர் பாஸ்வேர்டை மட்டும் அடிச்சா போதும். பாஸ்வேர்டைத் தனியா போனில் சொல்லணும். அதே மெயிலில் எழுதி அனுப்பறது வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பூட்டிலேயே விட்டுட்டுப் போற மாதிரி.

நாலு, எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் போய் உட்காரணும்னு முன்னாடியே சொல்லி அனுப்பலாம். ஐம்பது மெஷின் இருக்கிற லேபில் ஒரே மாதிரி ஃபைல்களை இறக்க லேப் அண்ணன்களுக்கு இது வரப்பிரசாதம்.

கவனிச்சீங்களா? இந்த நாலிலும் அனுப்பறவர் யாருன்னு வாங்கறவருக்கு நல்லாத் தெரியும். அந்த ஒண்ணு இல்லாமப் போனா நாலும் கவிழ்ந்திடும்.

சின்னச் சின்ன இம்சைகள்

முதல் இம்சை, தங்கச்சி மாட்டினது. மெயில்! ஜிமெயில் இ.எக்ஸ்.இ. ஃபைலை அட்டாச்மென்டா ஏத்துக்காது. ஜிப்புக்குள்ள ஒளிச்சு வச்சாலும் உள்ளே எட்டிப் பார்த்துத் தடுக்கும். காலேஜ், ஆபீஸ் மெயில்கள் பலதிலும் இதே கதைதான். கைடு சார் மேல தப்பில்லை, உங்க நெட் மேலயும் தப்பில்லை. வாசலில் நிற்கிற வாட்ச்மேன் கையும் காலும் உள்ள மூட்டையை உள்ளே விடமாட்டேங்கிறார், அவ்வளவுதான். சில பேர் ஃபைல் பேரின் வாலை மாத்தி ‘ஜே.பி.ஜி.’ன்னு வேஷம் போட்டு அனுப்பச் சொல்வாங்க. வேணாம். திருடன் செய்யறதை நாமளும் செஞ்சா வாட்ச்மேனுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

ரெண்டாவது, விண்டோஸ் இ.எக்ஸ்.இ. விண்டோஸில்தான் ஓடும். கைடு சார் மேக் வச்சிருந்தா? பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தா? ‘திறக்க முடியவில்லை’தான். வெறும் ஜிப்பா இருந்தா மேக்கிலும் விரியும், போனிலும் விரியும்.

மூணாவது, சைஸ். உள்ளே இருக்கிறது சுருங்கினாலும் ஒட்டின புரோகிராமுக்கும் எடை உண்டு. இன்னைக்கு அது சில நூறு கே.பி. பெரிய ஃபைலில் தெரியாது. ரெண்டு பக்க அசைன்மென்ட்டை இ.எக்ஸ்.இ. ஆக்கினா சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! எதிர்ப்பக்கமும் ஒரு மதில் சுவர் இருக்கு. 4 ஜி.பி.க்கு மேல போன இ.எக்ஸ்.இ.யை விண்டோஸ் ஓட்டவே ஓட்டாது. உங்க குறும்பட ஃபுட்டேஜ் முழுக்க ஒரே இ.எக்ஸ்.இ.யில்னு கனவு காணாதீங்க.

நாலாவது, வயசு. சமீபத்தில் வீட்டு அலமாரியைச் சுத்தம் பண்றப்ப பழைய சி.டி. ஒண்ணு கிடைச்சது. ஃபர்ஸ்ட் இயரில் எழுதின சி புரோகிராம்கள், டாஸ் டூல் வைத்து இ.எக்ஸ்.இ. ஆக்கினவை. டபுள் கிளிக் பண்ணினேன். ‘இந்த மெஷினில் ஓடாது போ’ன்னு விண்டோஸ் கையை விரிச்சது. டாஸ் காலத்துக் கை 16-பிட் கை. 64-பிட் விண்டோஸ் அதைச் சீண்டாது. விண்டோஸ் 11-ல் 64-பிட் தவிர வேறு வகையே கிடையாது. எந்த மெஷினிலும் விரியும்னு சீனியர் சத்தியம் பண்ணின அதே வகை ஃபைல்! கடைசியில் 7-ஜிப்பில் திறந்தேன். கை செத்துப் போச்சு, மூட்டைக்குள்ள சோறு அப்படியே இருந்தது. ‘ஹலோ வேர்ல்ட்’ உட்பட.

இப்ப எலிக்கு வருவோம்

கட்டுச்சோத்துக்குள்ள எலியை வச்சுக் கட்டின மாதிரின்னு ஊரில் சொல்வாங்க. செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைலுக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது.

ஒரு ஜிப்பை வின்ஜிப்பில் திறக்கிறப்ப, வேலை செய்யறது நீங்க நம்பி இன்ஸ்டால் பண்ணின வின்ஜிப். மூட்டை சும்மா கிடக்கும். இ.எக்ஸ்.இ.யை டபுள் கிளிக் பண்ணினா வேலை செய்யறது அனுப்பினவர் வச்சுக் கட்டின கை. அந்தக் கை மூட்டையை மட்டும்தான் அவிழ்க்கும்னு யார் உத்தரவாதம் கொடுத்தா? இதை உருவாக்கும் சாஃப்ட்வேரிலேயே ‘விரிச்ச பிறகு இந்தப் புரோகிராமை ஓட்டு’, ‘எதையும் திரையில் காட்டாதே’ன்னு ஆப்ஷன்கள் உண்டு. செட்டப் எழுதறவங்களுக்காக வச்ச வசதி அது. ஐகானையும் இஷ்டத்துக்கு மாத்தலாம். பி.டி.எஃப். படம் போட்ட ஐகான் வைத்து, பேரையும் ‘கொஸ்டின் பேப்பர்.பி.டி.எஃப்.’னு வைச்சா முடிஞ்சது. கடைசியில் இருக்கிற இ.எக்ஸ்.இ.யை விண்டோஸ் தானாகவே மறைச்சு வைக்கும். நம்ம கண்ணில் படறது பி.டி.எஃப். மட்டும்.

“ஆன்டிவைரஸ் இருக்கே அண்ணா?” இருக்கு. ரெண்டு நிஜக் கதை சொல்றேன், கேளுங்க.

2022-ல் எமோடெட் என்கிற பிரபல நாசகாரக் கும்பல் செய்த வேலையை டிரஸ்ட்வேவ் ஆய்வாளர்கள் பிரிச்சு மேஞ்சாங்க. ஒரு செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைலுக்குள்ள இன்னொரு செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைல். உள்ளே இருந்ததுக்கு பாஸ்வேர்டு பூட்டு. பூட்டி இருக்கிறதால ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்ப்பது கஷ்டம். அப்ப பாஸ்வேர்டை யார் அடிப்பா? வெளியில் இருந்த ஃபைலில் ஒரு குட்டி பேட்ச் ஃபைல். அதுவே பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே இருந்ததைத் திறந்து ஓட்டிடுச்சு. பயனாளர் கண்ணுக்கு ஒரு படமோ பி.டி.எஃப்.போ காட்டப்பட்டது. அவர் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறப்ப பின்னாடி எலி வீட்டுக்குள்ள புகுந்தாச்சு.

ரெண்டாவது இன்னும் பயங்கரம். 2023-ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் சொன்னது. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தவங்க, திரும்பத் திரும்ப வந்து போக ஒரு கொல்லைப்புறக் கதவை வச்சிட்டுப் போக முயற்சி பண்ணியிருந்தாங்க. அது பாஸ்வேர்டு போட்ட ஒரு செல்ஃப் எக்ஸ்ட்ராக்டிங் ஃபைல். உள்ளே விரிச்சுப் பார்த்தா? ஒரே ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைல்! வைரஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. விஷயம் மூட்டைக்குள்ள இல்லை, கைக்குக் கொடுத்த உத்தரவில் இருந்தது. ‘விரிச்சதும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திற, பவர்ஷெல்லைத் திற.’ ரெண்டும் விண்டோஸோட சொந்த சாமான்கள். ஆன்டிவைரஸ் எதைப் பிடிக்கும்? எலியே இல்லாம எலி வேலை!

2015-ல் வின்ராரின் இந்த வசதியில் ஓட்டை இருக்குன்னு ஒரு சர்ச்சை கிளம்பினப்ப, அதை உருவாக்கினவங்க சொன்ன பதிலின் சாரம் இது: எந்த இ.எக்ஸ்.இ.யும் பிறவியிலேயே ஆபத்தானதா இருக்கலாம், நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தா மட்டும் ஓட்டுங்க. தப்பிக்கிற பதில் மாதிரி தெரியலாம். யோசிச்சா அதுதான் உண்மை. ‘தானா விரியும் ஜிப்’னு ஒரு தனி இனமே கிடையாது மக்களே. அது ஒரு புரோகிராம். ஜிப் என்பது அது சுமந்துக்கிட்டு வர்ற லக்கேஜ், அவ்வளவுதான்.

என்னதான் பண்றது?

வாங்கறவங்களுக்கு:

1. டபுள் கிளிக் கூடாது. 7-ஜிப்போ வின்ராரோ போட்டுக்குங்க. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி, ‘ஓபன் ஆர்க்கைவ்’ கொடுங்க. அவங்க கையை ஓரமா உட்கார வச்சிட்டு, உங்க கையால மூட்டையை அவிழ்க்கறீங்க. பாஸ்வேர்டு கேட்டாலும் இங்கேயே கொடுக்கலாம்.

2. உள்ளே இருக்கிற பட்டியலைப் படிங்க. கொஸ்டின் பேப்பர்னு சொல்லிட்டு உள்ளே இன்னொரு இ.எக்ஸ்.இ., பேட்ச் ஃபைல், ஸ்கிரிப்ட் இருந்தா ஷிஃப்ட்-டெலீட்.

3. வின்ராரில் திறந்தா பக்கத்தில் ஒரு கட்டத்தில் கைக்குக் கொடுத்த உத்தரவுகள் தெரியும். அதில் ‘செட்டப்’, ‘சைலன்ட்’னு வரிகள் இருந்தா எதை ஓட்டச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. வெறும் நோட்ஸ் அனுப்பறவருக்கு சைலன்ட் எதுக்கு?

4. திறந்தா உள்ளே டெக்ஸ்ட், டேட்டா மாதிரி விசித்திரப் பேர்கள் மட்டும்தான் தெரியுதா? ஒருவேளை அது மூட்டையே இல்லை, வெறும் புரோகிராம். ‘ஜிப்’னு சொன்னவர் புளுகியிருக்கார். போட்டுட்டு ஓடுங்க.

5. ஃபைல் பேரின் வாலை மறைக்கும் விண்டோஸ் வழக்கத்தை மாத்துங்க. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் பண்ணினா போதும். அஞ்சு செகண்ட் வேலை.

இப்படித் திறந்து எடுத்ததால உள்ளே இருக்கிற எல்லா ஃபைலும் சுத்தம்னு அர்த்தம் இல்லை. எடுத்த ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணுங்க. ஆனா, உங்களைக் கேட்காமல் எதுவும் ஓடாது. அதுவே பெரிய நிம்மதி.

அனுப்பறவங்களுக்கு ஒரே வரி: ஜிப்பா அனுப்புங்க. 2001-ல் வந்த எக்ஸ்பி-யிலேயே ஜிப் திறக்கிற வசதி வந்தாச்சு. 2023-லிருந்து விண்டோஸ் 11 ரார், 7-இஸட் ஃபைல்களையும் தானே திறக்குது. எதிர்ல இருக்கிறவர்கிட்ட கை இல்லைங்கிற காலம் கிட்டத்தட்ட மலையேறிடுச்சு. பெரிய ஃபைலா இருந்தா டிரைவில் ஏத்தி லிங்க் அனுப்புங்க. இ.எக்ஸ்.இ.யாத்தான் அனுப்பியாகணும் என்கிற நிலைமை வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி ‘நான்தான் அனுப்பறேன்’னு சொல்லுங்க. வெறும் ஜிப் ஒரு காப்பியும் பையில் இருக்கட்டும். என் பார்ட்னர் மாதிரி!

தங்கச்சி என்ன ஆனாங்க?

நான் சொன்னபடி ரைட் கிளிக் பண்ணித் திறந்து பார்த்திருக்காங்க. உள்ளே ஒரு பி.டி.எஃப்., ஒரு பேட்ச் ஃபைல், பேரே புரியாத இன்னொரு இ.எக்ஸ்.இ. அழிச்சிட்டாங்க. குரூப்பிலும் எழுதிப் போட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு பேர் கிளிக் பண்ணியாச்சு. அதில் ஒருத்தருக்கு மறுநாள் காலையில் மெயிலுக்குள்ளயே போக முடியலை, யாரோ பாஸ்வேர்டை மாத்தியிருந்தாங்க. அந்த மெயிலுக்குத்தான் டெஸ்டுக்கான ஹால் டிக்கெட் வந்திருந்தது. பிளேஸ்மென்ட் ஆபீஸர்கிட்ட அழுது, வேற மெயிலுக்கு வாங்கி, கடைசி நிமிஷத்தில் ஹாலுக்குள்ள ஓடியிருக்கார். கிளிக் பண்ணினதுக்கு அவரை யாரும் சிரிக்காதீங்க. டெஸ்ட் பயத்தில் இருக்கிறவன் கையில் ‘எல்லாம் ஒரே ஃபைலில்’னு நீட்டினா யார்தான் யோசிப்பா? அந்த அவசரத்தை நம்பித்தான் எலியைக் கட்டறாங்க.

அப்புறம், தங்கச்சியோட ப்ராஜெக்ட்டை வெறும் ஜிப்பா ஆக்கி, டிரைவில் போட்டு, கைடு சாருக்கு லிங்க் அனுப்பியாச்சு. சார் பஸ்ஸில் வர்றப்பவே போனில் திறந்து பார்த்திட்டு ஒரே வரியில் பதில் போட்டிருக்கார். “சாப்டர் 3 திருத்தணும்.”

அதுக்கு என்கிட்ட மருந்து இல்லைம்மா!

அடுத்த வாரம்: பென் டிரைவை ‘சேஃப்லி ரிமூவ்’ பண்ணாமப் பிடுங்கினா நிஜமாவே என்ன ஆகும்? அதுவரைக்கும்... வர்ற மூட்டையை உங்க கையாலேயே அவிழுங்க மக்களே. டாட்டா!